கனவுக்கும் ஒரு பூட்டு உண்டு

விடியற்காலையில் காணும் கனவு பலிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பல் விழுவதாகக் கனவு கண்டால் உறவினர் ஒருவருக்கு ஆகாது என்பார்கள். எந்தக் கனவுக்கு என்ன பலன் என்று பட்டியல் போட்டு விற்கும் சிறு புத்தகங்களும் உண்டு. கனவில் கண்டது பின்னர் நடக்கும் என்பதற்கு அறிவியலில் சான்று ஏதும் இல்லை. ஆனால் இந்த நம்பிக்கையில் உள்ள ஒரு சொல் என்னை நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. ஏன் விடியற்காலை? நள்ளிரவுக் கனவுக்கு ஏன் அந்த மதிப்பு இல்லை?

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். அளக்க முடியாத பொருளைப் பற்றிப் பேசுவதென்றால் எனக்குத் தயக்கம்தான். கனவோ, காண்பவரைத் தவிர வேறு எவராலும் காண முடியாதது. அவரும் எழுந்து பல் துலக்குவதற்குள் பெரும்பகுதியை மறந்துவிடுகிறார். இப்படிப்பட்ட ஒன்றை அளக்க மனிதனுக்கு எப்படி வழி கிடைத்தது? அது கண்ணிலிருந்து கிடைத்தது.

கண் என்னும் மின்கலம்

நம் விழி ஒரு சிறிய மின்கலம் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். விழியின் முன்பகுதி நேர்மின் தன்மையும், பின்புறமுள்ள விழித்திரை எதிர்மின் தன்மையும் கொண்டவை. இரண்டுக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. டார்ச் விளக்கில் போடும் பேட்டரியின் அழுத்தம் 1.5 வோல்ட், அதை ஆயிரத்து ஐந்நூறு பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்குகூட இது இல்லை. ஆயினும் கண்களின் வெளி ஓரங்களில் தோலின்மேல் இரண்டு மின்வாய்களை ஒட்டி வைத்தால், விழிகள் வலப்பக்கம் திரும்பும்போது வலப்பக்க மின்வாய் சற்றே நேர்மின் தன்மை பெறும். இடப்பக்கம் திரும்பினால் நிலைமை மாறிவிடும். இமைகள் மூடியிருந்தாலும் இது நிகழும் என்பதுதான் இங்கே முக்கியம். இந்த மாற்றத்தைப் பெருக்கி, ஓடும் தாளில் ஒரு பேனாவைக் கொண்டு வரையச் செய்தால், இருட்டறையில் உறங்குபவரின் விழிகள் எப்போது எந்தப் பக்கம் அசைந்தன என்பது தாளில் பதிந்துவிடும். மூளையில் எழும் மின்னலைகளையும் இவ்வாறே பதியலாம். அதை மனிதரிடம் முதன்முதலாகச் செய்தவர் ஜெர்மனியின் ஜேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924இல் அலைகளைக் கண்டவர், மீண்டும் மீண்டும் சரிபார்த்து 1929இல்தான் வெளியிட்டார்.

1951ஆம் ஆண்டின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசரின்ஸ்கி என்னும் ஆராய்ச்சி மாணவர், கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு பழைய பதிவுக் கருவியைச் சரிசெய்து, தம் எட்டு வயது மகனின் கண்ணோரங்களில் மின்வாய்களை ஒட்டி உறங்க வைத்தார். அமைதியாகக் கோடு வரைந்துகொண்டிருந்த பேனாக்கள் இரவில் ஒரு கட்டத்தில் திடீரென்று துள்ள ஆரம்பித்தன. பையன் விழித்துவிட்டான் என்று எண்ணி உள்ளே சென்று பார்த்தால், அவன் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். கருவியில்தான் கோளாறு என்று அவர் முதலில் நினைத்தார். ஆய்வுக்கூடத்தில் நின்று பழகிய எவருக்கும் இது புரியும். எதிர்பாராத அளவீடு வந்தால் நாம் முதலில் சந்தேகப்படுவது ஒயரைத்தான்!

கோளாறு இல்லை என்று உறுதியானபின், அவரும் அவருடைய பேராசிரியர் நத்தானியேல் கிளைட்மனும் பெரியவர்களை உறங்க வைத்துப் பார்த்தனர். விழிகள் துள்ளும் நேரத்தில் 27 முறை எழுப்பிக் கேட்டபோது, 20 முறை தெளிவான கனவுகள் சொல்லப்பட்டன. விழிகள் அசையாத நேரத்தில் 23 முறை எழுப்பியதில், 19 முறை எதுவும் நினைவில் இல்லை என்றே பதில் வந்தது. இந்த முடிவு 1953இல் வெளிவந்தது. விழிகள் விரைந்து அசையும் இந்த நிலையை விழியசைவு உறக்கம் என்று அழைப்போம். அசைவில்லாத உறக்கத்திலும் கனவுகள் உண்டு என்பது பின்னர் தெரியவந்தது. ஆனால் காட்சிகள் நிறைந்த நீண்ட கனவுகளுக்கு விழியசைவு உறக்கமே முக்கிய அரங்கு.

இதற்கு முன் ஒரு கருத்து வேரூன்றியிருந்தது. பிரான்சு நாட்டு அறிஞர் ஆல்ஃபிரட் மோரி, பிரெஞ்சுப் புரட்சியில் தாம் விசாரிக்கப்பட்டுக் கில்லட்டினில் தலை வெட்டப்படுவதாக நீண்ட கனவு கண்டு விழித்தார். விழித்துப் பார்த்தால், கட்டிலின் ஒரு பாகம் கழன்று கழுத்தில் விழுந்திருந்தது! அது விழுந்த கணத்திற்கும் விழித்த கணத்திற்கும் இடையேதான் முழுக்கனவும் நிகழ்ந்திருக்க வேண்டும், ஆகவே கனவுக்குக் கண நேரம் போதும் என்று பலரும் நம்பினர். கிளைட்மனின் மாணவர் வில்லியம் டிமெண்ட் இதைக் கடிகாரம் கொண்டே சோதித்தார். விழியசைவு தொடங்கி 5 நிமிடம் ஆனபோதோ 15 நிமிடம் ஆனபோதோ உறங்குபவரை எழுப்பி, “கனவு எவ்வளவு நேரம் நடந்தது? ஐந்தா, பதினைந்தா?” என்று கேட்டார். 111 முறை கேட்டதில் 92 முறை விடை சரியாக இருந்தது. 1957இல் வெளியான இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. கனவு, விழிப்பு நேரத்தைப் போலவே நிமிடக் கணக்கில் நடக்கிறது.

இப்போது விடியற்காலைக்கு வருவோம். உறக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் விழியசைவு உறக்கம் வரும். முதல் சுற்றில் அது பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சுற்றுக்குச் சுற்று நீண்டு, விடியும் வேளையில் அரைமணி நேரம்வரை நீடிக்கும். நாம் எழுவதும் அப்போதுதான். ஆகவே இரவில் கண்ட பல கனவுகளில் நம் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் விடியற்காலைக் கனவே. நினைவில் நிற்கும் கனவைத்தானே நடந்த நிகழ்ச்சியோடு ஒப்பிட முடியும்? நம் முன்னோர் கவனித்ததில் தவறில்லை. அதற்குச் சொன்ன காரணம்தான் வேறு.

கனவில் வருவது என்ன?

சிக்மண்ட் ஃபிராய்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1900ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த அவருடைய நூல், அடக்கி வைத்த ஆசைகளே மாறுவேடத்தில் கனவாக வருகின்றன என்று வாதிட்டது. பகல் நிகழ்ச்சிகளின் துணுக்குகள் கனவில் புகுவதை அவர் எடுத்துக்காட்டியது சரியே. ஆனால் ஒரே கனவுக்கு இரண்டு நிபுணர்கள் இரண்டு பொருள் சொன்னால், எது சரி என்று தீர்மானிக்க அதில் வழி இல்லை. அந்தக் குறை எனக்குப் பெரிதாகவே படுகிறது.

அமெரிக்க உளவியலார் கால்வின் ஹால் வேறு வழியில் சென்றார். அவர் பொருள் சொல்லவில்லை, எண்ணினார். ஆயிரக்கணக்கானோரின் கனவுகளைச் சேகரித்து, யார் வந்தார்கள், எங்கே, சண்டையா, நட்பா என்று வகைப்படுத்தினார். கனவில் நல்லது நடப்பதைவிடக் கெடுதல் நடப்பதே அதிகம் என்பது தெரிந்தது. பகலில் எதைப் பற்றிக் கவலைப்படுகிறோமோ, யாரோடு பழகுகிறோமோ, அதுவே இரவிலும் தொடர்கிறது என்பதும் தெரிந்தது. வகுப்பில் கரும்பலகை முன் நிற்கும்போது சூத்திரம் மறந்துவிடுவதாக எனக்கு இன்றும் கனவு வருகிறது. அதில் மாறுவேடம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

இதைவிடத் துலக்கமான சோதனை ஒன்று 2000ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்டு வெளியிட்டது. கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டைச் சிலரை ஆடச் செய்து, அவர்கள் உறக்கத்தில் நுழையும் வேளையில் கண்ட காட்சிகளைக் கேட்டார். அவர்களில் ஐவர் மூளைப் பாதிப்பால் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் கொள்ள முடியாதவர்கள். விளையாட்டை ஆடியதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் அந்த ஐவரில் மூவர், ஏதோ வடிவங்கள் விழுந்து திரும்பிப் பொருந்துவதைக் கண்டதாகச் சொன்னார்கள். விழித்திருப்பவருக்குத் தெரியாத ஒன்றை உறங்கும் மூளை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தது!

இந்தப் புரட்டல் எதற்கு? கற்றதை நிலைப்படுத்துவதற்காக என்று கருதப் பல சான்றுகள் உள்ளன. 2001இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஓடுபாதையில் ஓடிய எலிகளின் மூளையணுக்களில் எழுந்த துடிப்பு வரிசை, அவற்றின் விழியசைவு உறக்கத்தில் ஏறத்தாழ அதே வேகத்தில் மீண்டும் எழுந்ததைக் கண்டனர். பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறக்குறையப் பாதி இந்த வகையே என்பதும் மூளை வளர்ச்சிக்கு இது தேவை என எண்ண வைக்கிறது. 1977இல் ஹாப்சன், மெக்கார்லி இருவரும், மூளைத் தண்டிலிருந்து எழும் துடிப்புகளுக்கு மேல்மூளை ஒரு கதை கட்டுகிறது, அதுவே கனவு என்றனர். விவாதம் இன்னும் முடியவில்லை.

பூட்டு

ஒரு கேள்வியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கனவில் மூளை விழிப்பு நிலை போலவே சுறுசுறுப்பாக இருக்கிறது. மாடு துரத்துகிறது, நாம் ஓடுகிறோம். பின் ஏன் கால்கள் பாயிலேயே கிடக்கின்றன?

பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே பூனைகளில் இதற்கு விடை கண்டார். விழியசைவு உறக்கத்தில், மூளைத் தண்டின் ஒரு சிறு பகுதி தண்டுவடத்துக்குத் தடை அனுப்பி, உடல் தசைகளைத் தளர்த்திவிடுகிறது. விழித் தசைகளும் மூச்சு விடுவதற்கான உதரவிதானமும் மட்டும் விதிவிலக்கு. இந்தப் பகுதியைச் சேதப்படுத்தியபோது, பூனைகள் உறக்கம் கலையாமலே எழுந்து நின்று, கண்ணுக்குத் தெரியாத இரையை விரட்டின. அறுபதுகளில் நடந்த இந்தச் சோதனை, இரவுதோறும் நம் உடல் பூட்டப்படுகிறது என்று காட்டியது.

சில வேளைகளில் விழிப்பு வந்தபின்பும் பூட்டு திறக்கத் தாமதமாகும். கண் திறந்திருக்கும், கையைத் தூக்க முடியாது, மார்பில் யாரோ உட்கார்ந்தது போலிருக்கும், கத்த வாய் வராது. பேய் அமுக்குகிறது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். எப்போதோ ஒரு முறை வந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானாகவே விலகும். தூக்கம் கெட்ட மாணவர்களுக்குத் தேர்வுக் காலத்தில் இது வருவதுண்டு.

பூட்டு பிடிக்காமல் போவதுதான் கவனிக்க வேண்டியது. என் பெரியப்பாவுக்கு அறுபது வயதுக்குமேல் இரவில் உதைப்பதும் குத்துவதும் தொடங்கின. சாதுவான மனிதர், பகலில் குரல் உயர்த்திப் பேசமாட்டார். ஒரு நாள் பெரியம்மாவின் தோளில் ஓங்கி அடித்துவிட்டார். எழுப்பிக் கேட்டால், திருடன் வந்ததாகவும் அவனைத் தடுத்ததாகவும் சொல்லி வருந்தினார். வீட்டில் தாயத்துக் கட்டினார்கள். நானும் “ஏதோ கெட்ட கனவு” என்று சொல்லி விட்டுவிட்டேன்; படித்தவன் செய்த தவறு அது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அவருடைய கையெழுத்து சிறுத்தது. வலக்கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் கூறினார்.

இந்த உறக்கக் கோளாறை 1986இல் முதலில் முறையாக விவரித்தவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா மாநில மருத்துவர்கள் கார்லோஸ் ஷெங்க்கும் மார்க் மகோவால்டும். கண்டறியப்பட்ட வேறு நரம்பு நோய் எதுவும் இல்லாத 29 ஆண்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தனர். 1996இல் 11 பேருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்திருந்தது. 2013இல் வெளியான அறிக்கையில், தொடர்பில் இருந்த 26 பேரில் 21 பேருக்கு அந்த நோயோ அதைச் சார்ந்த மறதி நோயோ தோன்றியிருந்தது. காரணம் ஓரளவு விளங்குகிறது. ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதம் தவறாக மடிந்து நரம்பணுக்களில் படிவதே அந்நோயின் அடையாளம். பலரிடம் இந்தப் படிவு மூளைத் தண்டின் கீழ்ப்பகுதியில் முதலில் தொடங்கி மேலேறுகிறது. பூட்டுக்குரிய இடம், நடுக்கத்துக்குரிய இடத்துக்கு முன்னதாக வழியில் இருக்கிறது.

உறக்கத்தில் பிதற்றுகிறவர்கள் எல்லாரும் அஞ்ச வேண்டாம். குழந்தைகள் தூக்கத்தில் எழுந்து நடப்பது ஆழ்ந்த உறக்கத்தைச் சேர்ந்தது, இது வேறு. மனச்சோர்வுக்கான சில மருந்துகளாலும் பூட்டு தளரலாம். ஆனால் நடுவயது கடந்த ஒருவர், பெரும்பாலும் பின்னிரவில், கனவுக்கேற்பக் கைகால் வீசுகிறார், எழுப்பினால் அந்தக் கனவைச் சொல்கிறார் என்றால், நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முகவாய்த் தசையிலும் மின்வாய் ஒட்டி ஓர் இரவு உறங்க வைத்துப் பார்த்தால், பூட்டு பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். அசரின்ஸ்கியின் பேனாக்களின் வாரிசுதான் இந்தச் சோதனை. வரவிருக்கும் நோயைத் தடுக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் இரவு உதைகளைத் தணிக்க மருந்து உண்டு, காயங்களைத் தவிர்க்கலாம், புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வாளர்கள் இத்தகையவர்களைத்தான் தேடுகிறார்கள்.

பெரியப்பாவின் கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை போட்டிருக்கிறோம். தலைமாட்டில் இருந்த மர மேசையும் போய்விட்டது. பெரியம்மா இரண்டு முழம் தள்ளித் தனிப்பாயில் படுக்கிறார். காலையில் காப்பியைக் கையில் கொடுக்கும்போது, “ராத்திரி வந்தது திருடனா, மாடா?” என்று அவர் கேட்பார். பெரியப்பா சற்று யோசித்துப் பதில் சொல்வார். நான் அங்கே போயிருக்கும் நாட்களில் அதைத் தேதியுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கிறேன்.