போன் எதுவானால் என்ன, மீட்டிங் எத்தனை மணிக்கு?

அலுவலக மெயிலும் காலண்டரும் தவறாமல் வந்து சேர எந்த ஸ்மார்ட்போன் சிறந்தது? கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது.

மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் நகர்கின்றன. அதன் அதிர்வு மறுநாள் மாலை பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் குர்காவ்னிலும் உணரப்படுகிறது. நியூயார்க்கில் காலை 9 மணிக்கு நடக்கும் வாராந்திர மீட்டிங், குளிர்காலம் முழுவதும் இந்தியாவில் இரவு 7.30-க்கு நடந்தது. இப்போது மாலை 6.30-க்கே தொடங்கிவிடுகிறது. அழைப்பைத் தன் போனில் உள்ள அலுவலகக் காலண்டர் வழியே ஏற்றுக்கொண்டவர் சரியான நேரத்தில் வந்துவிடுகிறார். வாட்ஸ்அப்பில் வந்த தகவலைப் பார்த்து, 'திங்கள் 7.30' என்று தன் கைப்படக் குறித்துக்கொண்டவர் வரும்போது மீட்டிங் முடிந்திருக்கிறது. இத்தனைக்கும் இரண்டாமவரின் போன்தான் விலை உயர்ந்ததாக இருந்திருக்கலாம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. முறையான காலண்டர் அழைப்பு தன்னோடு 'நியூயார்க் நேரம் 9 மணி' என்ற குறிப்பையும் சுமந்து வருகிறது. எல்லா நிறுவனங்களின் காலண்டர்களும் ஒன்றுக்கொன்று புரிந்துகொள்ளும் இந்த வடிவம் 1998-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்கும் இந்தியாவுக்கு ஏற்பக் கணக்குப் போட வேண்டியது போனின் வேலை. லண்டன் தன் கடிகாரத்தை மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் மாற்றுகிறது. ஆகவே நடுவில் இரண்டு மூன்று வாரங்களுக்கு நியூயார்க், லண்டன், இந்தியா மூன்றுக்கும் இடையே வழக்கமான இடைவெளி குலைந்து போகிறது. மனக்கணக்கு தடுமாறும் இடம் இது. லேப்டாப், போன், அலுவலக சர்வர் மூன்றிலும் ஒரே தகவல் ஒரே சமயத்தில் இருக்க வேண்டும். 'சிங்க்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

ஆனால் போன் வாங்கக் கடைக்குப் போனால் பேச்சு கேமராவில் தொடங்கி கேமராவில் முடிகிறது. "என் ஆபீஸ் மெயில் இதில் உடனே வருமா?" என்று கேட்பவர் அபூர்வம். பதில் சொல்லக்கூடியவர் அதைவிட அபூர்வம். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கையில் உள்ள போனை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்லவும் முடியாது.

மூன்று பேர் கையில் ஒரு கடிதம்

முடிந்த காலம் ஒன்று இருந்தது. கனடாவின் ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999-ல் பிளாக்பெர்ரி 850 என்ற கருவியை வெளியிட்டது. பார்ப்பதற்குப் பேஜர் போலிருந்த அதன் பலம் ஒரே ஒரு விஷயத்தில் இருந்தது: மெயில் வந்திருக்கிறதா என்று பயனாளர் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, மெயிலே அவரைத் தேடி வந்தது. அலுவலகத்தில் வைக்கப்பட்ட சர்வர், நடுவில் இருந்த பாதை, கையில் இருந்த கருவி மூன்றும் ஒரே நிறுவனத்தின் கைவண்ணம். இந்தியாவில் மேலதிகாரிகளின் இடுப்பில் பிளாக்பெர்ரி அந்தஸ்தின் அடையாளமாகத் தொங்கிய ஆண்டுகளில், 2010 ஆகஸ்டில், பாதுகாப்பு அமைப்புகளுக்கு வழிவிடாவிட்டால் சேவையை முடக்கப்போவதாக மத்திய அரசு எச்சரித்தது. கம்பெனி மெயில்களைத் திறக்கும் சாவி தன்னிடமே இல்லை என்று நிறுவனம் பதில் சொன்னது.

பூட்டு உறுதியாகத்தான் இருந்தது. சந்தைதான் கைவிட்டது. 2008 ஜூலையில் ஐபோன் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வரோடு பேசக் கற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டின் இறுதியில் ஆண்ட்ராய்டும் கற்றுக்கொண்டது. தனிக் கருவி தேவையில்லை என்றானது. பழைய பிளாக்பெர்ரி போன்களுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4-ம் தேதியோடு நின்றுபோயின.

அதோடு போன இன்னொன்று, பொறுப்பு. இன்று சர்வர் ஒருவருடையது, செயலி இன்னொருவருடையது, போன் மூன்றாமவருடையது. மெயில் வராதபோது அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவு போனைக் காட்டுகிறது. போன் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் செயலியைக் காட்டுகிறது. நடுவில் நிற்பவர் மீட்டிங்கைத் தவறவிட்ட ஊழியர்.

சர்வர் பேசும் மொழி

ஆகவே முதலில் தெரிய வேண்டியது, அலுவலகத்தின் சர்வர் எந்த மொழி பேசுகிறது என்பது.

மைக்ரோசாஃப்ட் சர்வராக இருந்தால் அதன் ஆக்டிவ்சிங்க் முறையில் மெயில், காலண்டர், முகவரிகள் மூன்றும் ஒன்றாக வருகின்றன. இங்கே ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஐபோனில் ஆப்பிளின் சொந்த மெயில், காலண்டர் செயலிகளே மெயிலை உடனுக்குடன் வாங்கிக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டில் நிறுவனத்துக்கு நிறுவனம் மெயில் செயலி மாறுவதால், மைக்ரோசாஃப்டின் சொந்த அவுட்லுக் செயலியைப் போட்டுக்கொள்வது தலைவலி இல்லாத வழி. பல நிறுவனங்கள் அவுட்லுக்கைத் தவிர வேறு செயலியை அனுமதிப்பதும் இல்லை.

கூகுள் சர்வர் என்றால் ஆண்ட்ராய்ட் சொந்த வீடு, ஐபோன் விருந்தாளி. ஐபோனில் ஜிமெயில் கணக்கை ஆப்பிளின் மெயில் செயலியில் சேர்ப்பவர்களில் பலருக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை: அதில் மெயில் தானாக வந்து விழுவதில்லை. போன்தான் போய்க் கேட்க வேண்டும். மிக விரைவாக என்றாலும் 15 நிமிடத்துக்கு ஒரு முறைதான். 'தானாக' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், போன் சார்ஜில் இருந்து வைஃபையும் கிடைக்கும்போது மட்டுமே பின்னணியில் கேட்கும். பேருந்தில் போகிறவருக்கு இரண்டும் கிடையாது. பழைய உடனடி இணைப்பை இலவச ஜிமெயில் கணக்குகளுக்குப் புதிதாகத் தருவதை கூகுள் 2013 ஜனவரியில் நிறுத்திக்கொண்டதன் விளைவு இது. தீர்வு எளிது: ஐபோனிலும் கூகுளின் ஜிமெயில், காலண்டர் செயலிகளையே பயன்படுத்துவது. 'ஐபோனில் மெயில் தாமதமாகிறது' என்ற புகார்களில் கணிசமானவை இத்தோடு தீரும்.

சிறு நிறுவனங்களும் கல்லூரிகளும் நடத்தும் சொந்த சர்வர்கள் பெரும்பாலும் ஐமேப் என்ற பொது மொழியைப் பேசுகின்றன. இது மெயிலை மட்டுமே சுமக்கும். காலண்டருக்கு 2007-ல் வகுக்கப்பட்ட கால்டாவ் என்ற தனி மொழி இருக்கிறது. ஐபோனுக்கு இது பிறவியிலேயே தெரியும். ஆண்ட்ராய்டுக்குத் தெரியாது, டாவ்எக்ஸ்5 போன்ற ஒரு செயலியை மொழிபெயர்ப்பாளராக அமர்த்த வேண்டும். மெயிலில் நிலைமை தலைகீழ். 2024-ல் ஆண்ட்ராய்டுக்கு வந்த தண்டர்பேர்ட் போன்ற செயலிகள் ஐமேப் சர்வரோடு எப்போதும் தொடர்பில் இருந்து மெயிலை உடனே வாங்கிவிடுகின்றன. ஆப்பிளின் மெயில் செயலி இங்கும் பெரும்பாலும் இடைவெளி விட்டே போய்க் கேட்கிறது.

சர்வர் எவ்வளவு முக்கியம் என்பதை மத்திய அரசு ஊழியர்கள் அண்மையில் நேரில் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் சுமார் 12 லட்சம் பேரின் அலுவலக மெயில், சென்னை நிறுவனமான சோஹோ நடத்தும் தளத்துக்கு 2025-க்குள் மாற்றப்பட்டது. முகவரியின் வால் மாறவில்லை, கையில் உள்ள போன் மாறவில்லை. பின்னால் இருந்த இயந்திரம் மட்டும் மாறியது.

பேட்டரியின் பெயரால்

சர்வரும் செயலியும் சரி. ஆனாலும் மெயில், போனைக் கையில் எடுத்துத் திறக்கும்போதுதான் மொத்தமாக வந்து கொட்டுகிறது. இந்த அனுபவம் பல ஆண்ட்ராய்ட் பயனாளர்களுக்குப் பழகிப்போன ஒன்று. காரணம், பேட்டரி.

அசையாமல் கிடக்கும் போனில் செயலிகளைத் தூங்கவைக்கும் ஏற்பாட்டை கூகுள் 2015-ல் ஆண்ட்ராய்ட் 6-ல் கொண்டுவந்தது. அது நியாயமானது, அவசரச் செய்திக்கு வழி விடுகிறது. ஆனால் இந்தியாவில் அதிகம் விற்கும் பிராண்டுகள் பலவும், இரண்டு நாள் பேட்டரி என்று விளம்பரம் செய்யும் ஆர்வத்தில், இதற்கு மேல் தங்கள் சொந்தப் பூட்டுகளையும் போட்டுவிடுகின்றன. ஷியாமி போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதி என்று தனியே ஒன்று உண்டு. சாம்சங்கில் தூங்கும் செயலிகளின் பட்டியல் இருக்கிறது. பிரபலமான சில செயலிகளுக்கு விலக்கு உண்டு. அதிகம் பேர் பயன்படுத்தாத ஓர் அலுவலகச் செயலிக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும்: செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய்த் தடையை நீக்க வேண்டும்; தானே தொடங்கும் அனுமதி கேட்டால் தர வேண்டும். கூகுளின் பிக்சல் போன்களிலும் ஐபோன்களிலும் இந்தத் தொல்லை குறைவு. எல்லா பிராண்டுகளையும் ஒப்பிடுகையில் அலுவலக மெயிலைப் பொறுத்தவரை உண்மையான வித்தியாசம் இங்குதான் தெரிகிறது. கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்பதில் அல்ல.

போன் யாருடையது?

இதுவரை சொன்னதெல்லாம் வசதி. இனி வருவது உரிமை. பிளாக்பெர்ரியை அலுவலகம் வாங்கிக் கொடுத்தது. இன்றைய ஊழியர் சொந்தப் பணத்தில், பல சமயம் மாதத் தவணையில் வாங்கிய போனில் அலுவலக மெயிலைச் சேர்க்கிறார். சேர்க்கும்போது திரையில் ஓர் அனுமதிக் குறிப்பு வருகிறது. யாரும் படிக்காத அந்தக் குறிப்பில் 'எல்லாத் தகவல்களையும் அழித்தல்' என்ற வரி இருக்கக்கூடும்.

அது அலங்காரத்துக்காக எழுதப்பட்ட வரி அல்ல. ஆக்டிவ்சிங்க் முறையில் போனின் சொந்த மெயில் செயலியில் கணக்கைச் சேர்த்தால், தொலைவிலிருந்தே போனை முழுவதுமாக அழிக்கும் அதிகாரம் சர்வரை நிர்வகிப்பவருக்குக் கிடைத்துவிடலாம். போன் திருடுபோனால் நிறுவனத்தின் ரகசியங்களைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை மூடும்போது கை தவறினால் மெயிலோடு குழந்தையின் புகைப்படங்களும் போகும். அவுட்லுக் போன்ற தனிச் செயலியில் வைத்தால், அழிப்பை அந்தச் செயலிக்குள் இருக்கும் அலுவலகத் தகவல்களோடு நிறுத்திக்கொள்ள முடியும்.

இதைவிட நல்ல ஏற்பாடு ஆண்ட்ராய்டில் 2014-லிருந்தே இருக்கிறது. 'வொர்க் புரொஃபைல்' என்ற பெயரில் போனுக்குள் சுவர் எழுப்பி இரண்டு குடித்தனம் வைத்துவிடுகிறார்கள். அலுவலகச் செயலிகளின் மேல் சிறு பெட்டிச் சின்னம் இருக்கும். சொந்தப் போனாக இருந்தால் சுவருக்கு இந்தப் பக்கம் உள்ள படங்களையும் செய்திகளையும் நிறுவனம் பார்க்கவோ அழிக்கவோ முடியாது. ஐபோனில் 2019-ல் வந்த பயனாளர் பதிவு முறையும் அலுவலகத் தகவல்களைத் தனியே பிரித்துவைக்கிறது. நிறுவனம் அதை மட்டுமே அழிக்க முடியும். ஆனால் பயனாளரின் கண்ணுக்குச் சுவர் தெரிவதில்லை. இந்த ஓர் அம்சத்தில் ஆண்ட்ராய்ட் ஒரு படி மேல். ஒரே நிபந்தனை, இரண்டிலுமே ஏற்பாட்டை நிறுவனம்தான் செய்துதர வேண்டும். கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை.

வாங்குவதற்கு முன்

கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. அலுவலக சர்வர் யாருடையது? எந்தச் செயலிக்கு அனுமதி? போன் தொலைந்தால் அழிக்கப்படுவது அலுவலகக் கணக்கா, முழுப் போனா? ஆண்ட்ராய்டின் எந்தப் பழைய பதிப்பு வரை அனுமதிக்கிறார்கள்?

கடைசிக் கேள்வி பர்ஸைத் தொடும் விஷயம். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனைப் பல நிறுவனங்கள் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. கூகுள் 2023-ல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-ல் எஸ்24 வரிசைக்கும் 7 ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. விலை குறைந்த போன்களில் இந்தக் காலம் மிகக் குறைவு. விலையை அப்டேட் ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால் மலிவு எது என்பதில் கருத்து மாறக்கூடும்.

வாங்கிய பின் ஒரு சோதனை. போனைப் பூட்டி, வைஃபையை அணைத்து, அரை மணி நேரம் மேஜையில் தொடாமல் வையுங்கள். பிறகு வேறொரு கணக்கிலிருந்து அலுவலக முகவரிக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். போன் தானாக மணியடித்தால் முதல் பாடத்தில் தேர்ச்சி. அடுத்து, வாரந்தோறும் வரும் ஒரு மீட்டிங்கில் ஒரே ஒரு வாரத்தை மட்டும் லேப்டாப்பில் அடுத்த நாளுக்கு மாற்றுங்கள். போனிலும் அந்த ஒன்று மட்டும் மாறியிருந்தால் இரண்டாவதிலும் தேர்ச்சி. இந்த இரண்டிலும் தேறும் சாதாரண போன், தேறாத விலை உயர்ந்த போனைவிட மேல்.

மூன்றாவது சோதனை இரவு 10 மணிக்கு. பணி நேரத்துக்குப் பிறகு அலுவலக அழைப்புகளுக்குப் பதில் தராமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 ஜனவரியிலிருந்து சட்டத்தில் வைத்திருக்கிறது. இந்தியாவில் சுப்ரியா சுலே எம்.பி. அதற்கான தனிநபர் மசோதாவை மக்களவையில் 2018-லும் மீண்டும் 2025 டிசம்பரிலும் கொண்டுவந்தார். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டின் வொர்க் புரொஃபைலை ஒரே தட்டில் நிறுத்திவைக்கலாம். காலையில் மறுபடி எழுப்பும்வரை அலுவலகச் செயலிகள் மூச்சு விடுவதில்லை. ஐபோனில் 2021-ல் வந்த 'ஃபோகஸ்' வசதி அறிவிப்புகளை மறைக்கும்; மெயில் பின்னால் வந்துகொண்டுதான் இருக்கும்.

காலையில் மெயிலைத் தவறாமல் கொண்டுவருவது நல்ல போனின் பாதி வேலை. இரவில் அதை வாசலிலேயே நிறுத்திவைப்பது மீதிப் பாதி.