மனநலச் சிகிச்சையில் நோயாளியின் சொல்

மனநலச் சிகிச்சை பெறுவோர் பலர், தம்மைக் கவனிக்கும் மருத்துவர் தாம் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை என்று கூறுகின்றனர். மாத்திரைச் சீட்டு கிடைக்கிறது, அடுத்து வரவேண்டிய தேதியும் கிடைக்கிறது, சொல்ல வந்தது மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது என்பதே இக்குறையின் சாரம். எல்லா மருத்துவத் துறைகளிலும் இக்குறை உண்டு என்றாலும் மனநல மருத்துவத்தில் அதன் விளைவு பெரிது. எலும்பு முறிந்தவர் வாயே திறக்காவிட்டாலும் எக்ஸ்ரே படம் காட்டிக் கொடுத்துவிடும். மனச்சிதைவு, மனச்சோர்வு, இருமுனையப் பிறழ்வு ஆகியவற்றை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. நோயாளி சொல்வது, மருத்துவர் நேரில் காண்பது, உடன் வந்தவர் சொல்வது ஆகிய மூன்றுமே இங்குச் சான்றுகள். இவற்றுள் முதலாவது மதிப்பிழந்தால் மற்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு சிகிச்சை நடக்கிறது.

ஆலோசனை அறையில்

நம் ஊர் மருத்துவமனைகளில் மனநோயாளர் தனியாக வருவது குறைவு. தாய், கணவர், அண்ணன் என யாராவது ஒருவர் உடன் வருவார். "மாத்திரை ஒழுங்கா போடுறாரா? ராத்திரி தூங்குறாரா? வீட்ல சத்தம் போடுறாரா?" என்ற கேள்விகள் பெரும்பாலும் உடன் வந்தவரை நோக்கியே எழும். நோயாளி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவரைப் பற்றிய பேச்சு அவர் முன்னாலேயே படர்க்கையில் நடக்கும். குடும்பத்தினர் தரும் தகவல் தேவையானதுதான். நோய் முற்றிய நிலையில் நடந்தவை நோயாளிக்கே நினைவில் இருக்காது. ஆனால் நோயாளி சொல்ல விரும்பும் சில செய்திகள் அந்தக் குடும்பத்தைப் பற்றியவையாகவே இருக்கலாம். அவற்றை அவர்கள் முன்னிலையில் சொல்ல முடியாது என்பது எளிதில் மறக்கப்படுகிறது.

நேரமும் இல்லை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை எனக் கண்டது. வந்து சேரும் சிறுபான்மையினரே அறைக்கு வெளியே நீண்ட வரிசையாகி விடுகின்றனர். எனவே எல்லாப் பழியையும் மருத்துவரின் மனப்பான்மை மீது போடுவது நியாயமாகாது. அதேவேளை, நேரமின்மை மட்டுமே காரணம் என்பதும் சரியன்று. 1984இல் ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கெல் ஆகியோர் அமெரிக்காவில் பொதுமருத்துவர்களின் ஆலோசனைகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தனர். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். அவர்கள் பார்த்தது மனநல மருத்துவத்தை அன்று. குறுக்கிடுவது தொழிற்பழக்கமாகவே ஊறியிருப்பதை இது காட்டுகிறது.

மனநல மருத்துவத்தைப் பற்றிய ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. ரோஸ் மெக்கேப் தலைமையிலான குழுவினர், மனச்சிதைவு போன்ற நோயுடையவர்கள் மருத்துவருடன் நடத்திய உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் ஆராய்ந்தனர். நோயாளிகள் தமக்குக் கேட்கும் குரல்களைப் பற்றியும், தமது அச்சங்களைப் பற்றியும் திரும்பத் திரும்பப் பேச முயன்றனர். மற்றவர்கள் ஏன் தம்மை நம்புவதில்லை என்றும் சிலர் நேராகவே கேட்டனர். மருத்துவர்கள் தயங்கினர், பதில் சொல்லாமல் வேறொரு கேள்வி கேட்டனர், உறவினர் உடனிருந்தபோது புன்னகைத்தோ சிரித்தோ கடந்தனர். அவர்களும் சங்கடத்தில்தான் இருந்தனர். உண்மையல்லாத ஒன்றை ஆமோதித்தால் நம்பிக்கை வலுத்துவிடும், மறுத்தால் சண்டை வரும் என்பது அவர்கள் நிலை. இதற்கு நடுவில், "அந்தக் குரல் கேட்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்க ஒரு வழி இருக்கிறது. குரல் உண்மையா என்று தீர்ப்புச் சொல்லாமலே இக்கேள்வியைக் கேட்கலாம்.

"நோய்தான் பேசுகிறது"

கடுமையான மனநோயில் சிலர் தமக்கு நோய் இருப்பதையே உணர்வதில்லை. இது உண்மையான அறிகுறி. சிக்கல் என்னவென்றால், இக்கருத்தை எல்லை மீறிப் பயன்படுத்தினால் அதிலிருந்து வெளியேற வழி இருக்காது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நோயாளி சொன்னால், நோயை உணராததால் சொல்கிறார் எனலாம். கோபப்பட்டால் நோய் கூடிவிட்டது எனலாம். பேசாமல் இருந்தால் ஒதுங்கிப்போகிறார் எனலாம். மெய்யியலாளர் மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் எழுதிய நூலில், ஒருவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லுக்குரிய நம்பகத்தைக் குறைத்து மதிப்பிடுவதை ஒருவகை அநீதி என விளக்கினார். அவர் மனநோயாளரை முதன்மையாக வைத்து எழுதவில்லை. பின்வந்தோர் அக்கருத்தை மருத்துவத்துக்கும் மனநலத் துறைக்கும் பொருத்திக் காட்டினர்.

இதற்கு எடுத்துக்காட்டாக எப்போதும் சொல்லப்படுவது டேவிட் ரோசன்ஹான் 1973இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை. நோயற்ற எட்டுப் பேர் காதில் குரல் கேட்பதாகப் பொய் சொல்லி 12 மருத்துவமனைகளில் சேர்ந்ததாகவும், சேர்ந்தபின் இயல்பாகவே நடந்துகொண்டும் சராசரியாக 19 நாள் உள்ளே வைக்கப்பட்டதாகவும் அது கூறியது. அவர்கள் குறிப்பெடுத்ததுகூட நோயின் நடத்தையாகப் பதிவானதாம். பாடநூல்களில் நிலைத்துவிட்ட இந்த ஆய்வை எச்சரிக்கையுடன் பயன்படுத்த வேண்டும். இதழாளர் சுசன்னா காஹலன் 2019இல் வெளியிட்ட நூலில், ரோசன்ஹானின் தரவுகள் பல நம்பத்தக்கவையாக இல்லை என்பதற்கு வலுவான காரணங்களைக் காட்டினார். கட்டுரை சொல்லவந்த குறை உண்மையாக இருக்கலாம். அதற்குச் சான்றாக இந்தக் கட்டுரையை மட்டும் நம்புவது நல்லதன்று.

அதைவிட உறுதியான சான்று வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எலிசபெத் பேக்கர்ட் என்ற பெண்ணை 1860இல் அவர் கணவர் மனநோய் விடுதியில் சேர்த்தார். கணவர் ஒரு பாதிரியார். மத நம்பிக்கைகளில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. மணமான பெண்ணைப் பொது விசாரணையின்றிக் கணவரின் வேண்டுகோளில் அடைத்துவைக்க அன்றைய சட்டம் இடம்கொடுத்தது. மூன்றாண்டுகள் உள்ளே இருந்தார். 1864இல் வழக்கு நடுவர் குழுவின்முன் வந்தபோது, அவர் மனநலம் உடையவர் என்று முடிவுசெய்ய அவர்களுக்கு ஏழு நிமிடமே தேவைப்பட்டது.

உடல் சொல்வதும் கேட்கப்படாதபோது

சொல் ஏற்கப்படாததன் கொடிய விளைவு உடல்நலத்தில் தெரிகிறது. கடும் மனநோய் உடையவர்கள் பொதுமக்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்த இறப்புகளில் பெரும்பகுதி இதயநோய், நீரிழிவு, தொற்று போன்ற உடல்நோய்களால் நேர்பவை. புகைப்பழக்கம், வறுமை, சில மருந்துகளால் வரும் உடற்பருமன் ஆகியவை காரணங்கள். நெஞ்சுவலி என்று வந்தவரின் பழைய சீட்டில் மனநோயின் பெயரைப் பார்த்ததும் அதைப் பதற்றம் என்று முடிவுசெய்து அனுப்பிவிடுவதும் ஒரு காரணம். மருத்துவத்தில் இதை நோயறிதல் மறைப்பு எனலாம். ஏற்கெனவே உள்ள நோயின் பெயர் புதிய நோயை மறைத்துவிடுகிறது.

மருந்தின் பக்கவிளைவிலும் இதே கதை. மனச்சிதைவுக்குத் தரப்படும் சில மருந்துகள் அகத்தீசியா என்ற நிலையை உண்டாக்கும். ஓரிடத்தில் உட்கார முடியாது, கால்கள் நிற்காது, உள்ளுக்குள் தாங்கமுடியாத தவிப்பு இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நோயாளி கிளர்ச்சியாக இருப்பதுபோலத் தோன்றும். நோய் அதிகமாகிவிட்டது என்று எண்ணி மருந்தின் அளவைக் கூட்டினால் தவிப்பும் கூடும். "நோய் இப்படி இருக்காது, இது மாத்திரை போட்ட பிறகு வந்தது" என்று நோயாளி சொல்லும் ஒரு வாக்கியமே இந்த இரண்டையும் பிரித்தறிய உதவும் முதல் தடயம். பாலுறவு சார்ந்த பக்கவிளைவுகள் இன்னும் மோசமாக மறைந்துபோகின்றன. மருத்துவர் கேட்பதில்லை, நோயாளி கூசுகிறார், அம்மா பக்கத்தில் இருக்கிறார்.

கேட்கப்படாதவர் வாதாடுவதில்லை. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். அமெரிக்காவில் நடந்து 2005இல் வெளியான கேட்டி ஆய்வில், மனச்சிதைவுள்ள சுமார் 1,500 பேரில் 74 விழுக்காட்டினர் 18 மாதங்களுக்குள் தமக்குத் தரப்பட்ட மருந்தைக் கைவிட்டனர். பலனின்மை, பக்கவிளைவு, சொந்த முடிவு எனக் காரணங்கள் பலவாகும். மருந்தை நிறுத்தியதை மருத்துவரிடம் அச்சமின்றிச் சொல்ல முடிகிற இடத்தில் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம். சொல்ல முடியாத இடத்தில் நோய் திரும்பி வரும்போதுதான் அது தெரியவரும்.

கேட்டதால் மாறியவை

நெதர்லாந்தில் மாரியஸ் ரோம் என்ற மனநல மருத்துவரிடம் பாட்ஸி ஹாகே என்ற பெண் சிகிச்சை பெற்றுவந்தார். அவருக்குக் குரல்கள் கேட்டன. மருந்துகள் அவற்றை நிறுத்தவில்லை. குரலைப் பற்றிப் பேசவே மருத்துவர் விரும்பவில்லை என்பது அவர் குறை. கண்ணுக்குத் தெரியாத கடவுளை நீங்கள் நம்பலாம், எனக்கு உண்மையாகவே கேட்கும் குரலை மட்டும் ஏன் நம்பமாட்டீர்கள் என்ற போக்கில் அவர் வாதாடினார். ரோம் முதன்முறையாக அதைப் பற்றி விரிவாகக் கேட்டார். 1987இல் இருவரும் தொலைக்காட்சியில் தோன்றிக் குரல் கேட்போரைத் தொடர்புகொள்ள அழைத்தனர். ஏறத்தாழ 700 பேர் தொடர்புகொண்டனர். அவர்களுள் சுமார் 450 பேர் குரல் கேட்பவர்கள். அவர்களில் கணிசமானோர் மருத்துவரிடமே போகாமல் குரலோடு வாழக் கற்றிருந்தனர் என்பது ரோமுக்குப் புதுச்செய்தி. குரல் கேட்போர் இயக்கம் இப்படித்தான் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. எல்லோருக்கும் மருந்து வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. மருந்தால் பெரும் பயன் அடைவோர் ஏராளம்.

பின்லாந்தின் மேற்கு லாப்லாந்தில் 1980களில் உருவான திறந்த உரையாடல் முறையில், நோயாளி இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசுவதோ முடிவெடுப்பதோ கிடையாது. மருத்துவக் குழு தமக்குள் விவாதிப்பதும் அவர் காதுபடவே நடக்கும்.

இந்தியச் சட்டம் தரும் இடம்

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னைய நிலையை நினைவுபடுத்த ஏர்வாடி போதும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெளியேற முடியாமல் இறந்தனர். இன்றைய சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடைசெய்கிறது.

சிகிச்சையில் நோயாளியின் சொல்லுக்கு இடம் தரும் பிரிவுகள் சிலவற்றை மாணவர்கள் அறிந்திருக்கலாம். ஒருவரது முடிவு பிறருக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கொள்ளக்கூடாது என 4ஆம் பிரிவு கூறுகிறது. நோய் முற்றும்போது எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை நலமாக இருக்கும்போதே எழுதிவைக்க 5ஆம் பிரிவு வழிசெய்கிறது. தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்க 14ஆம் பிரிவு உரிமை தருகிறது. அவர் இரத்த உறவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறலாம் என்பது 25ஆம் பிரிவு. சிகிச்சையில் குறை இருந்தால் நிறுவனத்தின் பொறுப்பு மருத்துவரிடமும், தீர்வு கிடைக்காவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம்.

சட்டம் வரிசையைக் குறைத்துவிடாது. ஐந்து நிமிடமே கிடைக்கும் ஆலோசனையில் நோயாளி செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. சொல்லவேண்டியதை முதல்நாளே சீட்டில் எழுதிக்கொண்டு, மிக முக்கியமானதை முதலில் சொல்லலாம். எந்த மாத்திரை தொடங்கி எத்தனையாம் நாளில் எந்தத் தொல்லை வந்தது என்று தேதியோடு குறித்துவைத்தால் அதை அறிகுறி என்று தள்ளிவிடுவது கடினம். "இரண்டு நிமிடம் தனியாகப் பேசவேண்டும்" என்று கேட்கலாம். உடன் வந்தவர் தாமாகவே எழுந்து வெளியே போனால் இன்னும் நல்லது. முன்கூட்டிய சிகிச்சை விருப்பத்தை எழுதுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: உயிருக்கு ஆபத்தான நேரத்தில் தரப்படும் அவசர சிகிச்சைக்கு அது பொருந்தாது.