'குடியை விடு'னு சொன்னா ஏன் விட மாட்டேங்கிறாங்க? கவுன்சலிங் சொல்லும் 5 கட்டங்கள்

"நாளையிலிருந்து தொடவே மாட்டேன்!" பல வீடுகளில் கேட்டுப் பழகிய சத்தியம். ஆனா ஏன் நிக்கிறதில்ல?

போதைப் பழக்கத்திலிருந்து யாரும் ஒரே நாளில் மாறுவதில்லை என்கிறது, அமெரிக்க உளவியலாளர்கள் புரோசாஸ்கா, டிகிளமென்டே 1980-களில் முன்வைத்த 'மாற்றத்தின் கட்டங்கள்' அணுகுமுறை. புகைப்பழக்கத்தை விட்டவர்களை ஆராய்ந்து உருவானது இது.

1. மறுப்பு: "எனக்கென்ன பிரச்னை?" இங்கே அட்வைஸ் எடுபடாது. திட்டாமல் பேச்சைத் தொடர்ந்தாலே போதும்.

2. ஊசலாட்டம்: "விடணும்தான், ஆனா..." லாப நஷ்டத்தை அவரையே சொல்ல வைப்பார் கவுன்சலர்.

3. தயாராதல்: தேதி, சிகிச்சை, கூட நிற்கப்போவது யார் என முடிவாகும்.

4. செயல்: நிறுத்துவது.

5. தக்கவைத்தல்: சம்பள நாள், திருவிழா, பழைய நண்பர்களைச் சமாளிப்பது.

மறுபடி குடிச்சிட்டா? எல்லாம் போச்சுன்னு அர்த்தமில்லை. எது தூண்டியது எனப் பார்த்து, மீண்டும் தொடங்கலாம்.

கவனம்: தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் மருத்துவர் மேற்பார்வை கட்டாயம். புதுக்கோட்டையில் இருப்பவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண்: 14446. குடும்பத்தினரும் அழைக்கலாம்.