கரகரக்கும் ஸ்பீக்கரை மேலும் பாடவிடாதீர்கள்

தொண்ணூறுகளில் வாங்கிய மியூசிக் சிஸ்டம் இன்னும் உங்கள் கூடத்தில் இருக்கிறதா? அதன் பெரிய ஸ்பீக்கரில், அதாவது ஊஃபரில், கூம்பு வடிவக் கோனின் ஓரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் இருக்கும். அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் அது பாலியூரித்தேன் ஃபோம்; சோபா மெத்தையில் இருக்கிறதே, அதே இனம். காற்றிலுள்ள ஈரம் இந்தப் பொருளின் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். பாட்டுப் போட்டாலும் அறுக்கும், போடாவிட்டாலும் அறுக்கும். துணி போர்த்திப் பத்திரமாக வைத்த பெட்டிக்கும் விலக்கு இல்லை. பத்து முதல் இருபது ஆண்டுகளுக்குள் வளையம் பிசுபிசுத்து, பிறகு பொடியாக உதிர ஆரம்பிக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரக்காற்று ஓய்வதே இல்லை. அங்கே இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அந்த வளையம் அலங்காரத்துக்கு வைத்தது கிடையாது. கோனை நடுவில் நிறுத்துவதில் பாதி வேலை அதனுடையது. மீதி, பின்னால் இருக்கும் ஸ்பைடர் என்ற மடிப்புத் துணியுடையது. கோனின் அடியில் ஒட்டியிருக்கும் வாய்ஸ் காயில் காந்தத்தின் இடுக்குக்குள் முன்னும் பின்னும் ஓடுகிறது. இரு பக்கமும் அதற்குள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வளையம் கிழிந்ததும் கோன் ஒரு பக்கம் சாயும், காயில் காந்தத்தில் உரசும். முதலில் கம்பியின் மேலுள்ள வார்னிஷ் தேயும். அப்புறம் ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஷார்ட் ஆகும். அதன் பிறகு கருகல் வாடைதான்.

நான் எச்சரிக்க வந்தது இந்த ஒன்றைத்தான். வளையம் கிழிந்த வாரத்திலேயே நிறுத்தினால், போனது ஸ்பீக்கரிலேயே மலிவான ஒரு பாகம். “பழசுதானே, கொஞ்சம் கரகரக்கும்” என்று பேஸைக் கூட்டி வைத்து ஆறு மாதம் கேட்டால், போவது காயில். சில வீடுகளில் அதோடு ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து போகும். சரிசெய்வதா, புதிது வாங்குவதா என்ற கேள்வி பல வீடுகளில் தானாகவே தீர்ந்துபோவது இப்படித்தான்: முடிவெடுக்கத் தாமதித்த நாட்களில் சரிசெய்யும் வழி அடைபட்டுவிடுகிறது.

முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். வளையத்தை விரல் நுனியால் லேசாகத் தொடுங்கள். கறுப்பு ஒட்டினாலோ பொடி உதிர்ந்தாலோ அதன் கதை முடிந்தது. பார்வைக்கு முழுசாகத் தெரிந்தாலும் முடிந்ததுதான். ரப்பர் வளையமோ, பசை பூசிய துணி வளையமோ என்றால் ஆயுள் வேறு. 1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்னப் பெட்டியில் இருந்தது நியோப்ரீன் ரப்பர். அரை நூற்றாண்டு கழித்தும் அவற்றில் பல, பழைய ஊஃபரோடேயே பாடுகின்றன. ஆகவே பெட்டியின் வயதை வைத்து மட்டும் எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

அடுத்து, கெட்டது ஸ்பீக்கர்தானா என்று பாருங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, அதன் பின்னால் இடது வலது ஒயர்களை மாற்றிச் செருகிக் கேளுங்கள். கரகரப்பு மறு பெட்டிக்குத் தாவினால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. வால்யூம் திருகியில் சேர்ந்த தூசியாகவோ, ஆம்ப்ளிஃபயர் கோளாறாகவோ இருக்கலாம். நல்ல ஸ்பீக்கரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாததற்குக் கொடுத்த விலை அது.

கரகரப்பு அதே பெட்டியில் நின்றால், கோனை இரு கட்டைவிரலாலும் இரு பக்கமும் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய் வந்தால் காயில் உரசவில்லை. உரசும் சத்தம் கேட்டால் சந்தேகம். ஊஃபரின் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்தால், 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 5.5 முதல் 7 ஓம் வரை காட்ட வேண்டும். 4 ஓம் என்றால் மூன்று, மூன்றரை. ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. பூஜ்யத்துக்கு அருகே நின்றால் ஷார்ட். அதை மறுபடி ஆம்ப்ளிஃபயரில் மாட்டவே கூடாது.

காயில் நன்றாக இருந்தால் வளையம் மட்டும் மாற்றினால் போதும். கடைக்காரர்கள் அடிக்கடி தவறு செய்யும் இடமும் இதுதான். “ஃபோம் எதுக்கு சார், ரப்பர் போட்டுடலாம், ஆயுசுக்கும் வரும்” என்பார்கள். வரும், மறுக்கவில்லை. ஆனால் ரப்பரின் எடையும் விறைப்பும் வேறு. ஃபோமுக்காகக் கணக்கிட்ட கோனும் பெட்டியும் ரப்பர் வளையத்தோடு பழையபடி ஒலிக்காது. ஃபோம் இருந்த இடத்தில் அதே அளவு ஃபோமைக் கேளுங்கள். பசை காய்வதற்குள் கோன் சரியாக நடுவில் நிற்கிறதா என்று சோதிக்கிறாரா என்றும் பாருங்கள். கோணலாக ஒட்டிய வளையம் நல்ல காயிலையே தேய்க்கும். ஒரு பெட்டியில்தான் கிழிந்திருக்கிறது என்று ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை. மற்றதும் வரிசையில் நிற்கிறது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பேஸ் காணாமல் போயிருந்தால் பயப்பட வேண்டாம், பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுப்பதால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பென்சில் செல்லைப் பெட்டியின் முனைகளில் ஒரு நொடி தொட்டால் போதும். இரண்டு கோன்களும் ஒரே திசையில் அசைய வேண்டும்.

காயில் கருகியிருந்தால் விஷயம் கனக்கிறது. அதே மாடல் ஊஃபர் கிடைக்காதபோது கடையில் “செட் ஆகிற” ஒன்றைப் போட்டுவிடுவார்கள். செட் ஆவது திருகு ஓட்டை மட்டும். என் வீட்டில் 8 ஓம் ஊஃபர் இருந்த இடத்தில் ஒருவர் 4 ஓம் கார் ஸ்பீக்கரைப் பொருத்திக் கொடுத்தார். இரண்டு மாதம் குறையில்லாமல் பாடியது. தீபாவளியன்று சத்தத்தைக் கூட்டியதும், ஏறக்குறைய இரு மடங்கு கரண்ட் இழுத்து ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் ஐசியைக் கொன்றது. ஓம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். இன்னொன்று: காயில் காரணமில்லாமல் கருகியிருந்தால், குற்றவாளி ஆம்ப்ளிஃபயராக இருக்கலாம். பாட்டுப் போடாமல் அதன் ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட் அளந்தால் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால், புது ஊஃபரும் அதே வழியில் போகும்.

உச்ச ஒலி மட்டும் மங்கியிருந்தால், அதைத் தரும் சின்ன ஸ்பீக்கரான டுவீட்டரையும், ஒலிகளைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரின் கெப்பாசிட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். கெப்பாசிட்டர் மலிவானது, மாற்றுவதும் எளிது. போடுவது பைபோலார் வகையாக, அதே மைக்ரோஃபாரட் அளவில் இருக்க வேண்டும். பிளஸ் மைனஸ் உள்ள சாதாரணக் கெப்பாசிட்டர் அங்கே சூடாகி வெடிக்கவும் கூடும்.

இனி புதிது வாங்குவது. அட்டைப்பெட்டியில் 2000 வாட், 5000 வாட் என்று பிஎம்பிஓ கணக்கில் எழுதியிருப்பதை நம்பிக் கடையில் பணம் கொடுக்காதீர்கள். அந்த அளவைக்குப் பொதுவான தரநிலை கிடையாது. பெட்டியின் பின்பக்கத் தகட்டில் மின் நுகர்வு 40 வாட் என்று இருக்கும். சுவரிலிருந்து 40 வாட் எடுப்பது, தொடர்ந்து 2000 வாட் கொடுக்காது. பேட்டரி உள்ள புளூடூத் பெட்டியில் லித்தியம் செல் சில நூறு சார்ஜ் சுற்றுகளில் கொள்ளளவை இழக்கத் தொடங்கும். உள்ளே ஒட்டி மூடியிருந்தால் செல் சாவதும் பெட்டி சாவதும் ஒன்றே. நெட்டில் இயங்கும் ஸ்மார்ட் பெட்டிகளில் ஆயுள் சாஃப்ட்வேரிலும் இருக்கிறது. சோனோஸ் நிறுவனம் தன் பழைய சாதனங்கள் சிலவற்றுக்கு மென்பொருள் மேம்பாடுகளை 2020 மே மாதத்தோடு நிறுத்தியது. அவற்றின் கோனும் காந்தமும் நன்றாகத்தான் இருந்தன.

இதையெல்லாம் சொல்வதால் எல்லாப் பழசையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று பொருளில்லை. எம்டிஎஃப் பெட்டி நீரில் ஊறி வீங்கியிருந்தால், கரையான் உள்ளே குடியேறியிருந்தால், விட்டுவிடுங்கள். டிவிடி காலத்து ஹோம் தியேட்டர் செட்டின் 3 ஓம் குட்டிப் பெட்டிகளுக்காகச் செலவழிக்க வேண்டாம். அவை அந்த ஆம்ப்ளிஃபயரைத் தவிர வேறெதோடும் ஒழுங்காகச் சேராது. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் பெட்டியை வீட்டில் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் நிற்கலாம். நல்ல பெட்டியாக இருந்தாலும் எண்ணிக்கையைப் பாருங்கள். 1968இல் வெளிவந்த போஸ் 901இல் ஒரு பெட்டிக்கு 9 ஸ்பீக்கர், ஜோடிக்கு 18. மூன்றாம் தலைமுறையிலிருந்து வளையம் ஃபோம். ஒன்று உதிர ஆரம்பித்தால் மாற்ற வேண்டியது பதினெட்டு.

இன்றைக்குப் பாட்டுப் போடும் முன் துணிச் சட்டத்தைக் கழற்றி வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். விரலில் கறுப்பு ஒட்டினால் ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். சரிசெய்வதா, வாங்குவதா என்று நிதானமாக யோசிக்கலாம்.