சுளுக்குதான், வேற ஒண்ணுமில்லே!

நான் பி.காம். அதுவும் செகண்ட் கிளாஸ். தூக்கத்தில் எழுப்பி டெபிட் எது, கிரெடிட் எது என்று கேட்டால் சொல்லிவிடுவேன் (கொஞ்சம் யோசித்துவிட்டு!). முழங்காலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என்னை முட்டி போட வைத்த சமாசாரம் மட்டும்தான். அப்பேர்ப்பட்ட நான், 2022 நவம்பரில் ஒரு ராத்திரி திடீரென்று எலும்பு டாக்டர் ஆகிவிட்டேன். ஃபீஸ்கூட வாங்காமல் தீர்ப்பும் சொன்னேன். "சுளுக்குதான், வேற ஒண்ணுமில்லே!"

நடந்தது இதுதான். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். என் ஸ்கூட்டர். பின்னால் என் தங்கை. பரதநாட்டியம் ஆடுகிறவள், இருபத்திரண்டு குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறவள். மடியில் சலங்கைப் பை. வளைவில் சேற்றைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்தினேன். வண்டி சாய்ந்தது. நான் ஹெல்மெட்டோடு ஓரமாக உட்கார்ந்த மாதிரி விழுந்தேன். அவள் காலை ஊன்றி வண்டியைத் தாங்கப் பார்த்தாள். பாதம் தரையில் நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது.

"அண்ணா, உள்ளே 'டொக்'னு ஏதோ சத்தம் கேட்டுச்சு" என்றாள்.

"சைடு ஸ்டாண்டா இருக்கும்" என்றேன் நான்.

வீட்டுக்கு வந்து ரெண்டு மணி நேரத்துக்குள் வலது முட்டி தேங்காய் சைஸுக்கு வீங்கிவிட்டது. களிம்பு, க்ரேப் பேண்டேஜ், மேலே சொன்ன என் தீர்ப்பு. டிசம்பரில் அவளுக்கு மூன்று நிகழ்ச்சிகள். அழைப்பிதழ் அச்சாகியிருந்தது. அச்சடித்த செலவு என் கணக்கில். அதனால்தான் அப்படிச் சொன்னேனா என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். பதில் எனக்குச் சாதகமாக வருவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பதினைந்து நாளில் வீக்கம் வடிந்துவிட்டது! நேராக நடந்தால் வலியே இல்லை. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். முட்டிக்குள்ளே ஏ.சி.எல். என்று ஒரு லிகமென்ட், அதாவது நார்க்கயிறு, இருக்கிறது. தொடை எலும்புக்குக் கீழே இருக்கும் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது அறுந்தாலும் நேராக நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், பஸ்ஸில் தொங்கலாம். திரும்பும்போதுதான் காலை வாரும். கால்பந்து ஆட்டக்காரர்கள் யாரும் இடிக்காமலே சுருண்டு விழுவதை டி.வி.யில் பார்த்திருப்பீர்களே, பல சமயம் அதே கயிறுதான். நம் ஊரில் அதை அறுக்க கால்பந்தெல்லாம் வேண்டாம். டூ வீலர் போதும்.

அந்த டிசம்பரில் மூன்று நிகழ்ச்சியும் ஆடினாள். நடுநடுவே முட்டி 'நழுவற மாதிரி' இருக்கிறது என்று சொன்னாள். பழகிக்கொண்டு விட்டாள். நடனக்காரர்களுக்கு வலியோடு ஒரு ஒப்பந்தம் உண்டு போலிருக்கிறது.

2023 பிப்ரவரி. ஒரு கோயில் விழாவில் பலகை மேடை. வர்ணத்தில் ஒரு தீர்மானம், கடைசியில் குதித்துத் திரும்ப வேண்டும். திரும்பினாள். முகம் வெளுத்தது முதல் வரிசையிலிருந்த எனக்கே தெரிந்தது. விழவில்லை. பாடுகிறவரிடம் ஏதோ கண்ஜாடை காட்டினாள். வர்ணத்தை அங்கேயே முடித்தார்கள். அடுத்து ஒரு பதம். மேடையில் மெதுவாக உட்கார்ந்து, கண்ணாலும் கையாலும் மட்டுமே இருபது நிமிஷம் அபிநயம் பிடித்தாள். கூட்டம் அதற்குத்தான் அதிகமாகக் கை தட்டியது. திட்டமிட்டுச் செய்ததாக நினைத்துக்கொண்டார்கள். பக்கத்து சீட் மாமா என்னிடம் "பழைய பாணியை மறக்காம வெச்சிருக்கா பாருங்க" என்றார். திரை போட்டதும் நானும் மிருதங்கக்காரரும் அவளைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினோம்.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் நாற்பது நிமிஷம் படுத்துவிட்டு வந்தவள் சொன்ன முதல் வார்த்தை, "பாதி நேரம் திஸ்ர நடைண்ணா, கடைசியில தாளம் தப்பிடுச்சு."

டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். ஏ.சி.எல். முழுசாக அறுந்திருக்கிறது. அது பழைய காயம், நவம்பரிலேயே போயிருக்க வேண்டும். இப்போது புதுசாக மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறது. அது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. "கயிறு இல்லாத முட்டியை வெச்சிக்கிட்டு மூணு மாசம் ஆடினா, மெத்தை எத்தனை நாள் தாங்கும்? அப்பவே வந்திருந்தா இது தப்பிச்சிருக்கலாம். யாரு சுளுக்குன்னு சொன்னது?" என்றார்.

தங்கை என்னைப் பார்க்கவே இல்லை. "நாங்களே நினைச்சிக்கிட்டோம் டாக்டர்" என்றாள். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச்சில் ஆபரேஷன். அறுந்த கயிற்றைத் தைத்தால் சாதாரணமாகப் பிடிக்காதாம். அதனால் அதே காலின் தொடைப் பின்பக்கத்திலிருந்து ரெண்டு தசைநாண்களை எடுத்து, நாலாக மடித்து, சுமார் 8 மில்லிமீட்டர் தடிமனில் புதுக் கயிறாக்கி, எலும்பில் துளை போட்டுப் பொருத்துகிறார்கள். முட்டிக்கு டெபிட், தொடைக்கு கிரெடிட். சொந்தப் புத்தகத்திலேயே ஒரு ஜர்னல் என்ட்ரி! எனக்கு முழுசாகப் புரிந்த ஒரே மருத்துவ விஷயம் இது. மெத்தையையும் தைத்தார்கள். தைத்த மெத்தைக்குத் தனி நிபந்தனை: சில மாதங்களுக்கு ஆழமாகக் குந்தக்கூடாது. அதாவது முழுமண்டி கிடையாது. எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட். அதற்கு ஒரு ஸ்டீல் நாற்காலி வாங்கிய கதையைக் குடும்பப் பத்திரிகை என்பதால் விட்டுவிடுகிறேன்.

மறுநாள் காலை பிசியோதெரபி பெண் வந்தாள். முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, "தொடையை இறுக்கி இந்தத் துண்டை அழுத்துங்க, அவ்வளவுதான்" என்றாள். ப்பூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன். தங்கை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி. தொடை அசையவே இல்லை. நரம்பு அறுந்தெல்லாம் போகவில்லையாம். முட்டி வீங்கினால் மூளை தொடையின் ஃப்யூஸைப் பிடுங்கி வைத்துவிடுமாம். புருவம் தனியாக, கருவிழி தனியாக, கழுத்து தனியாக என்று உடம்பில் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கக் கற்றவள், பத்து நிமிஷம் தன் தொடையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்கு அழாதவள் அன்றைக்கு அழுதாள்.

உறவினர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் கொண்டு வந்தது சாத்துக்குடியும் சுதா சந்திரனும்! 1981-ல் பஸ் விபத்து, வலது காலை எடுக்க வேண்டி வந்தது, ஜெய்ப்பூர் செயற்கைக் கால், 1984-ல் மறுபடி மேடை, அப்புறம் 'மயூரி' படம்... பெரிய சாதனைதான், சந்தேகமே இல்லை. ஆனால் பதினோராவது தடவையாக ஒரு சித்தப்பா ஆரம்பித்தபோது தங்கை, "சித்தப்பா, அவங்களுக்கும் நடுவுல மூணு வருஷம் இருந்திருக்கு இல்லே? அந்த மூணு வருஷத்தை மட்டும் யாருமே சொல்ல மாட்டேங்கறீங்க" என்றாள். சித்தப்பா காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

உருப்படியான வார்த்தை சொன்னது அவளுடைய டீச்சர்தான். கலாநிதி நாராயணன் 1940-களில் ஆடுவதை நிறுத்தியவர். சுமார் முப்பது வருஷம் கழித்து 1973-ல் திரும்பி வந்து அபிநயம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். 1985-ல் பத்மபூஷண். "அந்தம்மா முப்பது வருஷம் கழிச்சு வந்து உட்கார்ந்த இடத்துல ஒரு தலைமுறைக்கே பதம் சொல்லிக் கொடுத்தாங்க. உனக்கு ஒரு வருஷம் ஜாஸ்தியா? தாளத்தைக் கையில எடு" என்றார். ஆறாவது வாரத்திலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து, தட்டுக்கழியோடு வகுப்பு. பக்கத்தில் இரண்டு ஊன்றுகோல். 'நின்னு ஆடிக் காட்டாத டீச்சரா?' என்று சில அம்மாக்களுக்குச் சந்தேகம் வந்தது. இருபத்திரண்டு பதின்மூன்று ஆயிற்று. அந்த வருமானத்தில்தான் வீட்டு வாடகையில் பாதி ஓடிக்கொண்டிருந்தது. நான் ஆபீஸ் ஆபீஸாகக் கணக்கு எழுதும் வேலை இரண்டு கூடுதலாகப் பிடித்தேன். தியாகம் என்று நினைக்காதீர்கள். கடன் பாக்கி!

மூன்றாவது மாதம் வலி சுத்தமாகப் போய்விட்டது. அதுதான் கண்டமாம். ஒட்டவைத்த கயிறுக்கு முதலில் ரத்த ஓட்டமே கிடையாது. மெல்ல மெல்ல ரத்தக்குழாய் உள்ளே போய், பழைய நாரைக் கரைத்துப் புது நாராகக் கட்டுகிறது. அந்தக் கட்டுமான வேலை நடக்கும்போதுதான் கயிறு ரொம்ப பலவீனம். வெளியே பார்த்தால் கால் ஜம்மென்று இருக்கும். பிசியோ பெண் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். அரைமண்டிக்குக் கால் விரிய வேண்டியது இடுப்பு மூட்டிலிருந்து. தங்கை ஏழு வயசிலிருந்து பாதத்தைக் கூடுதலாகத் திருப்பி ஒப்பேற்றியிருக்கிறாள். இடுப்பில் விழுந்த துண்டைப் பாவம், முட்டி முறுக்கிக்கொண்டு சரிக்கட்டியிருக்கிறது. இருபது வருஷமாக ஆடிட்டர் கண்ணில் படாத பற்று!

ஆகஸ்டில் ஒரு சபாவிலிருந்து ஃபோன். டிசம்பரில் ஒரு தேதி இருக்கிறது. அவள் நாலு வருஷமாகக் கேட்டுக் காத்திருந்த மேடை. கணக்குப் போட்டால் சரியாக ஒன்பது மாதம். அதற்கு முன்னால் திரும்பினால் மறுபடி அறுகிற ஆபத்து அதிகம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஒன்பது ஆனாலும் பரீட்சையில் தேற வேண்டும். ஒற்றைக் காலில் தாண்டினால், நல்ல கால் தாண்டும் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது வர வேண்டும். நவம்பர் முதல் வாரத்தில் தாண்டினாள். எழுபத்தெட்டு.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"வர்ணத்துல குதிக்கிறதை எடுத்துட்டா சமாளிச்சிடலாம்ணா. அப்போ சுளுக்குன்னு சொன்னியே, இப்ப என்ன சொல்றே?"

ஒரு வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. குத்திக் காட்டத்தான் கேட்டாளோ என்று பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டாள். 'ஆடு' என்று நான் சொல்ல வேண்டும் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா. அன்னிக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன்" என்றேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. மறுநாள் காலையில் அவளே சபா செகரட்டரிக்கு ஃபோன் போட்டாள். உட்கார்ந்து அபிநயம் மட்டும் ஒரு மணி நேரம் செய்யட்டுமா என்று கேட்டாள். "உட்கார்ந்துண்டா? அதுக்கு யாரும்மா டிக்கெட் வாங்குவா?" என்றார் அவர். தேதி வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. சீசன் முழுக்கத் தங்கை மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு நட்டுவாங்கம் செய்தாள். நாலு நிகழ்ச்சி. தாளத்தில் அடி விழுகிற வேகத்தைப் பார்த்தால், யார் மேலோ கோபம் என்று தோன்றும். நான் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

2024 ஏப்ரலில் தாண்டியபோது தொண்ணூற்று மூன்று. அடுத்த வாரம் வகுப்பில், குழந்தைகள் முன்னால், ஒரு அலாரிப்பு ஆடினாள். அரைமண்டி முன்பைவிட இரண்டு விரல்கடை உயரம்தான். பாதம் குறைவாக விரிந்தது, முட்டி பாதத்துக்கு நேராக நின்றது. மண்டி அடவு கிடையாது, இனிமேலும் வேண்டாம் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். "அக்கா, நீங்க குட்டியா உக்காரறீங்க" என்றது ஒரு வாண்டு. "ஆமாண்டி, நீயும் அவ்வளவே உட்காரு" என்றாள்.

வகுப்பு முடிந்து சலங்கைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். அதே ரோடு. வளைவு வந்ததும் என் தோளில் அவள் கை இறுகியது.

"மெதுவாண்ணா" என்றாள்.

பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அடிக்கட்டும்!