திருடன் வந்து போனான், பதிவு எங்கே?

வீட்டுக்குக் கேமரா வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல், இரவில் வண்ணத்தில் தெரியுமா, கைப்பேசியில் பார்க்கலாமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். எடுத்த காட்சி எங்கே சேமிக்கப்படுகிறது, எத்தனை நாள் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் கடைக்காரரின் முடிவுக்கே விட்டுவிடுகிறோம். ஆபத்து நேரத்தில் கைகொடுப்பதோ அந்தப் பதிவுதான்.

தீபாவளிக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போன ஒரு குடும்பம், பத்து நாள் கழித்துத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பின் கதவு உடைந்து கிடக்கிறது. திருட்டு நடந்தது இரண்டாம் நாள். பதிவுப் பெட்டியில் ஆறு நாளுக்குத்தான் இடம் என்றால், அந்தக் காட்சி அழிந்திருக்கும். இடம் நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதுவதே இந்தப் பெட்டிகளின் வழக்கம். போலீசிடம் காட்ட ஆளில்லாத முற்றம்தான் மிஞ்சும்.

எத்தனை நாள் வேண்டும்?

கணக்கு எளிது. நொடிக்கு 4 மெகாபிட் அளவில் பதிவு செய்யும் ஒரு கேமராவுக்கு, ஒரு நாளைக்குச் சுமார் 43 கிகாபைட் இடம் வேண்டும். நான்கு கேமராவுக்கு 173 கிகாபைட். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஏறக்குறைய 6 நாளில் நிரம்பிவிடும். 2 டெராபைட் 11 நாள், 4 டெராபைட் 23 நாள் தாங்கும்.

எச்.265 முறையில் சுருக்கிப் பதியும் கருவிக்கு, பழைய எச்.264-ஐவிடக் கிட்டத்தட்ட பாதி இடம் போதும். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய்யும் முறையிலும் இடம் மிச்சமாகும். ஆனால் மழையும் பூச்சியும் ஆடும் கிளையும் அதை ஏமாற்றும். சில வேளை ஆள் வந்த முதல் சில நொடிகள் விட்டுப்போகும். முன் கேட், பின் கதவு இரண்டுக்கும் தொடர் பதிவு, மற்ற இடங்களுக்கு அசைவுப் பதிவு என்று பிரித்துக்கொள்ளலாம்.

நான்கு வழிகள்

மெமரி கார்டு: வை-ஃபை கேமராவுக்குள்ளேயே பதிவாகும். செலவு குறைவு, அடுக்குமாடி வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் ஏற்றது. கேமராவைப் பிடுங்கினால் பதிவும் போய்விடும். ஓயாமல் எழுதி அழிப்பதால் சாதாரண கார்டு சீக்கிரம் கெடும். கண்காணிப்புக்கென்று விற்கப்படும் கார்டு வாங்குங்கள்.

கிளவுட்: காட்சி இணையம் வழியே வெளியே போய்விடுவதால் திருடன் கைக்கு எட்டாது. மாதக் கட்டணம் உண்டு. இணையம் அறுந்தால் அந்த நேரத்துக் காட்சி போய்ச் சேராது. பல திட்டங்களில் அசைவு தெரியும் சில நொடிகள் மட்டுமே சேமிக்கப்படும்.

டிவிஆர்: கோஆக்சியல் கேபிள் வழி வரும் காட்சியைப் பதியும் பெட்டி. வீட்டில் பழைய கேபிள் ஏற்கெனவே ஓடியிருந்தால், பெட்டியையும் கேமராவையும் மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்கலாம்.

என்விஆர்: நெட்வொர்க் கேபிளில் இயங்குவது. பிஓஇ வசதி இருந்தால் மின்சாரமும் காட்சியும் ஒரே கேபிளில் 100 மீட்டர் வரை செல்லும். புதிதாக வயரிங் செய்யும் தெரஸ் வீட்டுக்கு இதுவே பொருத்தம்.

டிவிஆரோ என்விஆரோ, கணினிக்குரிய சாதாரண ஹார்ட் டிஸ்க்கைப் போட்டுக் கொடுத்தால் ஏற்காதீர்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பர்ப்பிள், சீகேட்டின் ஸ்கைஹாக் போன்றவை 24 மணி நேரப் பதிவுக்கென்றே செய்யப்பட்டவை.

பெட்டிக்கும் பாதுகாப்பு வேண்டும்

டிவிக்குக் கீழே இருக்கும் பெட்டி, உள்ளே நுழைபவன் கண்ணில் முதலில் படும். மாடியில், காற்றோட்டமுள்ள பூட்டிய அலமாரிக்குள் வையுங்கள். முன் கேட் கேமராவுக்கு மட்டுமாவது கிளவுடிலோ கார்டிலோ இன்னொரு பிரதி இருக்கட்டும்.

நம் நாட்டில் இடி மின்னலுக்குப் பஞ்சமில்லை. மின் இணைப்புக்கு மட்டுமின்றி, வெளியிலிருந்து உள்ளே வரும் கேபிளுக்கும் மின்னல் தடுப்பான் தேவை. பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சிறிய யுபிஎஸ் வைத்தால், மின்சாரம் தடைபட்டாலும் சிறிது நேரம் பதிவு தொடரும். பிஓஇ கேமராக்கள் பெட்டியிலிருந்தே மின்சாரம் எடுப்பதால் அவையும் அணையாது.

நம்மை யாரும் பார்க்காமல் இருக்க

2016-இல் உலகை உலுக்கிய 'மிராய்' தாக்குதல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றித்தான் நடத்தப்பட்டது. 2020-இல் சிங்கப்பூர் வீடுகளின் உட்புறக் கேமராக் காட்சிகள் திருடப்பட்டு இணையத்தில் விற்பனைக்கே வந்தன. ஆள் வந்து பொருத்திவிட்டுப் போன அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். படுக்கையறையில் கேமரா வேண்டாம். வரவேற்பறையில் வைத்தால் தாத்தா பாட்டிக்கும் வீட்டுப் பணியாளருக்கும் சொல்லிவிட்டு வையுங்கள்.

பக்கத்து வீட்டு முற்றத்தை நோக்கியும் திருப்பாதீர்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குடும்பத் தேவைக்கான பதிவுகளுக்குப் பொருந்தாது. அதற்காக எதையும் படம் பிடிக்கலாம் என்று அர்த்தமில்லை. அண்டை வீட்டை நோக்கிய கேமரா தொடர்பான வழக்கில், தனியுரிமை மீறப்பட்டதாக 2011-இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காட்சியில் வேண்டாத பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி பல கருவிகளில் உண்டு.

கடையில் கேட்க வேண்டியவை

* எல்லாக் கேமராவும் தொடர்ந்து பதிந்தால் எத்தனை நாள் தாங்கும்?
* ஹார்ட் டிஸ்க்கின் அளவும் வகையும் என்ன? விலையில் அது அடக்கமா?
* 'ஒன்விஃப்' தரம் உண்டா? இருந்தால் பின்னர் வேறு நிறுவனக் கேமராவையும் சேர்க்க வழியிருக்கும்.
* மாதக் கட்டணம் கட்டாவிட்டால் எந்த வசதி நின்றுபோகும்?
* காட்சியைப் பென்டிரைவில் எடுப்பது எப்படி? உங்கள் கண் முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள்.

பொருத்திய பிறகு மாதம் ஒருமுறை, ஒரு வாரத்துக்கு முந்தைய காட்சியைத் தேடி ஓட்டிப் பாருங்கள். தேதியும் நேரமும் சரியா, முகம் அடையாளம் தெரிகிறதா என்று கவனியுங்கள். ஊருக்குக் கிளம்பும் முன்பும் இதைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.