பொதிச்சீட்டும் பழத் தேர்வும்

பொதியினுள் உள்ள பொருளைப் பற்றி, விளைத்தோரும் விற்போரும் எழுத்தாலும் எண்ணாலும் குறியாலும் வாங்குவோர்க்கு அளிக்கும் சான்றுரையே பொதிச்சீட்டு. அச்சான்றுரை பழம் வாங்குவோரின் தேர்வை எவ்வாறு ஆள்கிறது என்பதை அறிய, பழத்தின் பண்புகளை முதற்கண் வகைப்படுத்தல் வேண்டும்.

பொருளியல் அறிஞர் பிலிப் நெல்சன் 1970-இல் பொருள்களின் பண்புகளை இரண்டாகப் பகுத்தார். 1973-இல் தார்பி, கார்னி ஆகிய இருவரும் மூன்றாவதொன்றைச் சேர்த்தனர். வாங்குமுன்னரே புலன்கள் உணரும் நிறம், பருமன், மணம் ஆகியவை காண்பறி பண்புகள். உண்ணும்போதே புலனாகும் இனிப்பும் சாறும் துய்த்தறி பண்புகள். உண்ட பின்னும் உண்பவர் தாமே அறிய இயலாத விளைநிலம், பயிரிட்ட முறை, எஞ்சிய பூச்சிக்கொல்லியின் அளவு ஆகியவை நம்பியறி பண்புகள்.

இம்மூன்றிலும் சீட்டின் ஆற்றல் ஒன்றாக இராது. காண்பறி பண்பிற்குப் பழமே சான்றாவதால், ஆங்குச் சீட்டின் சொல் எளிதில் எடுபடாது. துய்த்தறி பண்பில், முன்னர் உண்ட சுவையை இனப்பெயரோடும் ஊர்ப்பெயரோடும் பிணைத்து, அடுத்த தேர்விற்குச் சீட்டு வழிகாட்டுகிறது. புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை மலைவாழையின் பெயர் இவ்வாறே பணியாற்றுகிறது. நம்பியறி பண்பிலோ, வாங்குவோர்க்குச் சீட்டையன்றி வேறு சான்று இல்லை. உலக அங்காடிகளில் மஞ்சள் வாழைப்பழம் 4011 என்னும் எண்ணையும், இயற்கை வேளாண்மையில் விளைந்த அதே வகைப் பழம் 94011 என்னும் எண்ணையும் தாங்குகின்றன. கண்ணுக்கும் கைக்கும் வேறுபடாத இரு பழங்களை வேறுபடுத்துவதும், ஒன்றிற்குக் கூடுதல் விலை கொடுக்க இசைவிப்பதும் முன்னின்ற ஒன்பதே.

புலனறிவு முடியும் இடத்திலேயே சீட்டின் ஆட்சி தொடங்குகிறது என்பது இதனால் பெறப்படும் நெறி. பொய்ச்சீட்டு மிகுந்த தீங்கு செய்வதும் அவ்விடத்திலேயே. நல்லதையும் தீயதையும் வாங்குவோர் பிரித்தறிய இயலாவிடின், நல்ல பொருளுக்கு உரிய விலை கிடையாது. அதனை விற்போர் அங்காடியை விட்டே நீங்குவர் என்று பொருளியல் அறிஞர் அக்கர்லாப் 1970-இல் நிறுவினார். எடுத்துக்காட்டாக, கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்தல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் மஞ்சள் தோல் ஒன்றையே கண்டு வாங்குவோர், அவ்வாறு பழுத்த மாம்பழத்தைப் பிரித்தறிதல் அரிது. ஆதலின் ஆய்வகச் சோதனையும் தோட்டம் வரை பின்சென்று அறியும் பதிவும் சீட்டிற்கு அடித்தளமாதல் வேண்டும். அவ்வடித்தளம் உறுதியானால், உண்பவர் நலமும் நேர்மையாய் விளைத்தவர் ஊதியமும் ஒருங்கே காக்கப்படும்.